மணி அடிக்காத ஞாயிற்றுக்கிழமை

[காட்சி: விடியற்காலை, கிராமத்துக் கோயில் மணிக்கூண்டு. மணிச் சத்தம். பிறகு சத்தம் நிற்கிறது.]

வணக்கம். ஏ.எல். சோதனை முடித்துவிட்டு, பெறுபேறு எப்போது வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கச்சிமாருக்காகத்தான் இந்த வீடியோ. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, எங்கிருந்து பார்த்தாலும் சரி. நான் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவன், அதனால் பூசை, செபமாலை என்றுதான் வாயில் வரும். மெதடிஸ்ட் பிள்ளைகளும் சபைக்குப் போகிறவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், விசயம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதலில் என் கதை. படிக்கவென்று வேறு ஊருக்குப் போய், ஒரு ரூமில் நான்கு பேராகத் தங்கியிருந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பத்து மணி வரை தூங்கினேன். எழும்பியதும் நெஞ்சு திக் என்றது, பூசை முடிந்திருக்கும். அம்மாவின் குரலுக்காகக் காத்திருந்தேன். குரல் வரவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை, ரூம்காரன் பாணும் பருப்பும் வாங்கிவந்தான், சாப்பிட்டோம். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு அந்த 'திக்' கூட வரவில்லை. எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

யோசித்துப் பார்த்தால், பதினெட்டு வருசமாக என் விசுவாசம் என்று நான் நினைத்ததில் பாதிக்கு மேல் நேரசூசிதான். ஞாயிறு பூசை, பிறகு மறைக்கல்வி, அதற்குள் ரியூசன் இடிக்கும், அதற்கொரு சண்டை. பீடப்பணியாளர், பாடகர் குழு, ஒளிவிழா நாடகம், ஆவணியில் மடுத் திருவிழா. எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் மணி அடித்தார், நாங்கள் போனோம். உறுதிபூசுதல் எடுக்கும்போது 'இனி நீ வளர்ந்த கிறிஸ்தவன்' என்று ஆயர் சொல்வார், ஆனால் எங்களில் பலருக்கு அது மறைக்கல்வி வகுப்பில் இருந்து கிடைக்கிற விடுதலைப் பத்திரம் மாதிரித்தான் இருந்தது. மறுக்காதீர்கள்.

[காட்சி: மருதமடுக் காடு, பாலை மரங்கள், மண் பாதை.]

சரி, மணி அடிக்க ஆள் இல்லாவிட்டால் விசுவாசம் செத்துவிடுமா? இதற்கு எங்கள் மண்ணிலேயே பதில் இருக்கிறது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள், குருக்களைத் துரத்தினார்கள். கோவாவில் இருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தது 1687இல். இடையில் 29 வருசம். குரு இல்லை, பூசை இல்லை, திருவிழா இல்லை. அவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனாராம், அதைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனிப்பதற்காக. முகங்கள் மாறின. அந்த 29 வருசத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஒரு பூசையைக் கூடப் பார்த்திராதவர்கள், அவர்களுக்குச் செபம் தெரிந்திருந்தது, ஏனென்றால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மடு மாதாவின் கதையும் இதே காலத்தில்தான் வருகிறது. 1670 அளவில் மாந்தையில் இருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின என்பது வழிவழியாக வருகிற செய்தி. பிறகு 2008 ஏப்ரலிலும் அதே சுரூபம் சண்டைக்கு நடுவில் தேவன்பிட்டிக்குப் போய், ஆகஸ்டில் திரும்பி வந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலை கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தார். உங்களில் சிலரை அப்பா தோளில் தூக்கிவைத்துக் காட்டியிருப்பார், ஞாபகம் இருக்கிறதோ தெரியாது.

[காட்சி: வெறும் திரை. குரல் மட்டும்.]

இனி வருவது கஷ்டமான பகுதி. பாடசாலை முடிந்து, வேறு ஆட்களோடு பழகத் தொடங்கியதும் ஒரு கேள்வி வரும், வெளியே இருந்து வராவிட்டாலும் உங்களுக்குள்ளேயே வரும். சண்டைக் காலத்தில் பங்கருக்குள், பதுங்கு குழிக்குள், இருந்து எல்லோரும்தானே செபித்தார்கள், பிறகு கடவுள் ஏன் சிலரை மட்டும் எடுத்தார்? எங்கள் பங்கருக்குள் அம்மா செபமாலை சொல்ல, பக்கத்து வீட்டு சைவக்கார மாமியும் 'அருள் நிறைந்த மரியே' என்று கூடவே சொன்னார். நாங்கள் வந்து சேர்ந்தோம். மாமி வரவில்லை. 'ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார்' என்று யாராவது சாட்சி சொல்லும்போதெல்லாம் எனக்கு மாமியின் முகம்தான் வரும், அப்படியென்றால் மாமியை அவர் கைவிட்டாரா என்று கேட்கத் தோன்றும், கேட்டால் 'அப்படிக் கேட்கக் கூடாது' என்று வாயை அடைப்பார்கள்.

கேட்கலாம். வேதாகமமே கேட்கிறது. யோபு எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் இருக்கும்போது நண்பர்கள் மூன்று பேர் வந்து ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் இருந்தார்கள், அதுவரை நல்லது. பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், கடவுள் நீதியானவர் என்று வரிசையாக விளக்கம் சொன்னார்கள். யோபு கத்தினார், வழக்காடினார், பிறந்த நாளைச் சபித்தார். கடைசியில் கடவுள் யார் பக்கம் நின்றார் தெரியுமா? தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியது யோபுதான், நீங்கள் இல்லை என்று அந்த நண்பர்களிடம் சொன்னார். 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம், மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், இது இருளோடு முடிகிறது, அப்படியே விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் மறைக்கல்வியில் எங்களுக்கு யாரும் காட்டவில்லை, காட்டியிருந்தால் எங்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது விசுவாசத்தில் நின்றிருப்பார்கள் என்பது என் எண்ணம். மாமியைப் பற்றி என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. கேள்வியைக் கடவுளிடமே கேட்கிறேன், அவ்வளவுதான்.

[காட்சி: பஸ் ஜன்னல், ஏ9 வீதி, பின்னோக்கி ஓடும் வயல்கள்.]

இப்போது போகிற இடத்தைப் பற்றிப் பேசுவோம். தானியேலின் முதலாம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள், கம்பஸ் போகிறவனுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். எருசலேமில் இருந்து பிடித்துப்போன இளைஞர்களுக்குப் பாபிலோனில் மூன்று வருசப் படிப்பு, மொழி புதிது, இலக்கியம் புதிது, ஆளின் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். தானியேல் எதை எதிர்த்தார் என்று பாருங்கள். படிப்பை எதிர்க்கவில்லை, பெயருக்கும் சண்டை பிடிக்கவில்லை. ராசாவின் சாப்பாட்டை மட்டும் வேண்டாம் என்றார். அதையும் அதிகாரியிடம் பணிவாகக் கேட்டு, பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் தந்து பாருங்கள், பிறகு முடிவெடுங்கள் என்றார். கூட மூன்று கூட்டாளிகள் இருந்தார்கள், தனியாகச் செய்யவில்லை.

எனக்குப் பிடித்தது இந்தக் கணக்கு. எல்லாவற்றுக்கும் முறுக்கிக்கொண்டு நிற்கிற ஆளோடு யாரும் ரூமில் இருக்க மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் ஆறு மாதத்தில் ஆளே மாறிவிடுவான். உங்களுடைய அந்த ஒரு தட்டு எது என்று இங்கிருந்து போகுமுன்னமே யோசித்து வையுங்கள். பகிடிவதையில் அடுத்த வருசம் கை வைக்க மாட்டேன் என்பதாக இருக்கலாம். சம்பளம் வந்த முதல் மாதத்தில் 'ஒருக்கா அடிச்சுப் பார் மச்சான்' என்று ஐஸ் போதைப்பொருளை நீட்டுகிறவனிடம் சொல்கிற 'வேண்டாம்' ஆக இருக்கலாம், அது இப்போது எங்கள் ஊர்களுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற தங்கச்சிமாருக்கு ஞாயிறு ஓ.ரி., அதாவது மேலதிக நேர வேலை, ஒரு தலையிடி, வீட்டில் லீசிங் காசு கட்ட வேண்டும் என்றால் போய்த்தான் ஆக வேண்டும், அதற்காக மனதைப் போட்டு வதைக்காதீர்கள். சனி மாலையிலும் பல கோயில்களில் ஞாயிறுக் கடனுக்கான பூசை உண்டு. கட்டுநாயக்கா, நீர்கொழும்புப் பக்கம் கோயிலுக்குக் குறைவில்லை, தமிழ்ப் பூசை எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் போன முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். மூன்றாவது வாரம் விசாரிக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

இன்னொன்று, யாராவது வந்து 'நீ இரட்சிக்கப்பட்டாயா?' என்று கேட்பார்கள். கோபப்படத் தேவையில்லை. நல்ல பிள்ளைகளாகவும் இருப்பார்கள், சுகமில்லாமல் கிடந்தால் கஞ்சி கொண்டுவருவதும் அவர்கள்தான். ஆனால் பழைய நட்பை விடு, வீட்டாரோடு பேசாதே, சம்பளத்தில் இவ்வளவு கொண்டுவா என்று எந்தக் கூட்டம் சொன்னாலும், அது எந்தப் பெயர்ப்பலகை போட்டிருந்தாலும், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

[காட்சி: மேசை மேல் பழைய பிளாஸ்டிக் ஃபைல்.]

கடைசியாக ஒரு வேலை, இந்தக் கிழமையே செய்யக்கூடியது. பங்கு அலுவலகத்துக்குப் போய் உங்கள் ஞானஸ்நானப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்குக் கோயிலில் கலியாணம் என்று வரும்போது புதிதாக எடுத்த பிரதி கேட்பார்கள், அப்போது ஓடித்திரிய வேண்டாம். இடப்பெயர்வில் வீட்டுக் கடுதாசிகள் எல்லாம் போன குடும்பங்கள் எங்களில் ஏராளம், பதிவும் இல்லையென்றால் ஞானப்பெற்றோரோ, அன்றைக்குக் கோயிலில் நின்ற ஆட்களோ உயிரோடு இருக்கும்போதே பங்குத்தந்தையிடம் கூட்டிக்கொண்டு போவது நல்லது. என்னுடையது தப்பியது. கடைசிச் சண்டையில் மாத்தளனில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வரும்போது அம்மா பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடு அதையும் ஷொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தா. ஓரம் உப்புத் தண்ணியில் ஊறி, என் ஞானத்தாயின் பெயர் பாதி அழிந்துபோய் இருக்கிறது.