என் படியை எனக்கு அளந்து

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசாரில் மீனுக்கு நிற்பவர்கள், வண்டியில் போய்க்கொண்டிருப்பவர்கள், வீட்டில் இடியப்பம் பிழிந்துகொண்டிருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கிறிஸ்தவ விசுவாசத்தில் மகிழ்ச்சியும் ஞானமும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மலேசியாவில் இந்தச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களிடம் பேசும்போது, சம்பளம், கடன், சண்டை இதையெல்லாம் விட்டுவிட்டு மகிழ்ச்சியைப் பற்றிப் பேசினால் எடுபடாது. கேட்பவர்களில் பாதிக்கு மேல் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் என்பதும் தெரியும். யாரையும் மதம் மாற்ற நான் இங்கே வரவில்லை. நிம்மதியாகக் கேளுங்கள்.

கிறிஸ்தவர்கள் வீட்டுக் காலண்டரில் ஒரு வசனத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்.’ இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுல், பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய கடிதத்தில் நாலாம் அதிகாரம், நாலாம் வசனம். காலண்டர் அடிக்கிறவர்கள் அதற்கு இரண்டு வசனம் முந்தி இருப்பதை அடிப்பதில்லை. அங்கே எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களுக்குப் பேர் சொல்லிப் புத்தி சொல்கிறார் பவுல், ஒரே சிந்தையாய் இருங்கள் என்று. இருவருமே சுவிசேஷ வேலையில் அவரோடு சேர்ந்து பாடுபட்டவர்கள். அப்புறம் எதற்கோ மனஸ்தாபம். எதற்கு என்று கடிதத்தில் இல்லை. இல்லாததும் நல்லதுதான். இருந்திருந்தால் நம் ஆட்கள் இன்றுவரை யார் பக்கம் நியாயம் என்று பட்டிமன்றம் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

எழுதுகிறவரோ விலங்கோடு காவலில் இருக்கிறார். அந்தச் சபை கொடுத்தனுப்பிய உதவியை எடுத்துக்கொண்டு வந்த எப்பாப்பிரோதீத்து, வியாதிப்பட்டுச் சாகக் கிடந்து பிழைத்தவர். பிலிப்பி பட்டணமே பவுலுக்கு நல்ல நினைவுள்ள ஊர் கிடையாது. முதல் தடவை போனபோது அவரையும் கூடப் போன சீலாவையும் அடித்து, காலைத் தொழுமரம் என்ற மரக்கட்டையில் மாட்டி வைத்த ஊர் அது. அன்றைக்கு நடுராத்திரியில் இரண்டு பேரும் பாடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. இப்படிப்பட்ட ஆள், இப்படிப்பட்ட ஊருக்கு, சந்தோஷமாயிருங்கள் என்று எழுதுகிறார். ஒருதரம் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, ‘மறுபடியும் சொல்லுகிறேன்’ என்கிறார்.

நாம் வேறு கணக்கு வைத்திருக்கிறோம். கார் லோன் முடியட்டும், பையன் படித்து முடிக்கட்டும், மருமகள் சரியாகட்டும், அப்புறம் சந்தோஷமாக இருக்கலாம் என்பது நம் கணக்கு. அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை.

அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி, ‘நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்’ என்கிறார் பவுல். கற்றுக்கொண்டாராம். ஒரே கூட்டத்தில், ஒரே ஜெபத்தில் வந்து இறங்கிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கத்தி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் கத்தி வைக்க முடியாது. அந்த நூலளவு கணக்கு கைக்கு வருவதற்கு, விடியும் முன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு எத்தனையோ மரம் வெட்டியாக வேண்டும். மனநிறைவும் அப்படிப் பழகிப் பழகி வருவதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தப்பாகப் போய்விடும். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றாகிவிட்டது, லயத்து வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் வாங்கி நிற்பவரிடம் போய், ‘சந்தோஷமாயிருங்கள் பிரதர்’ என்பது விசுவாசம் ஆகாது. அது கல்நெஞ்சம். சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 சங்கீதங்களில் புலம்பலும் முறையீடும் ஏராளம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்று கடவுளையே கேட்கிறார் தாவீது. கடவுளிடமே அப்படிக் கேட்கலாம் என்றால், நிர்வாகத்திடம் வீடு கேட்டு மனுக் கொடுப்பதில் என்ன பாவம்? வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொல்கிற போதகம் எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, ஞானத்துக்கு வருவோம். நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்று ஒருவர். வேதத்தில் வேறெங்கும் அவரைப் பற்றிப் பேச்சில்லை. அவர் செய்யும் ஜெபத்தை நம் கூட்டங்களில் அதிகம் கேட்டிருக்கமாட்டீர்கள். எனக்குத் தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், ‘என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்’ என்கிறார். காரணமும் சொல்கிறார். வயிறு நிறைந்து போனால், கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன். இல்லாமை வந்தால் திருடிவிடுவேன். தன் பலவீனம் எதுவென்று தெரிந்து வைத்துக்கொண்டு கேட்கிறார் மனுஷன். நூறு வெள்ளி விதைத்தால் ஆயிரம் வெள்ளியாக அறுக்கலாம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த அதிகாரம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

எங்கள் சபையில் இன்னும் சில வீடுகளில் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். சோறு வடிக்கிற ஒவ்வொரு வேளையும், உலையில் போடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, தனியாக ஒரு டின்னில் போடுவது. ஒரு பாட்டி வைத்திருப்பது பழைய மைலோ டின். மூடியில் துருவேறி, பச்சை நிறம் ஓரத்தில் மட்டும்தான் மிச்சம். மாதக் கடைசியில் அந்த அரிசி சபைக்கு வரும், அங்கிருந்து இல்லாத வீட்டுக்குப் போகும். ‘அளந்த பிறகு எடுக்கணும், அளக்கறதுக்கு முந்தி எடுத்தா அது கணக்கில்லை’ என்பார் பாட்டி. தன் பங்கிலிருந்து குறைய வேண்டும் என்பது அவர் சட்டம். பால் வெட்டி ஓய்ந்த கை அது.

இதற்கு நேர்மாறானதையும் இதே ஊரில் பார்க்கிறோம். 55 வயதில் சேமநிதிப் பணம் மொத்தமாகக் கையில் வருகிறது. ஒரு ஆயுசு முழுக்க உழைத்த பணம். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் மட்டும் பெரிதாக வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று ஒரே வருஷத்தில் கரைந்துபோகிறது. அப்புறம் கூட்டுப் பணம், அதாவது மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்துக்கொள்ளும் சீட்டு. அதை நடத்துவதை 1971-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாகிவிட்டது, ஆனாலும் நடக்கிறது. தலைவி ஓடிப்போனால் போலீசில் சொல்லவும் முடியாமல் நிற்கிறோம். அதற்கும் கீழே ஆலோங், லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரர்கள். கேட் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றின பிறகுதான் பல வீடுகளில் புருஷன் வாங்கின கடன் பெண்டாட்டிக்கே தெரியவருகிறது.

இவ்வளவு கொஞ்சம் சம்பளத்தில் ஞானமாக என்ன செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கினவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்று, நம் ஆட்கள் வேலையும் வீடும் இல்லாமல் நின்ற காலத்தில், இந்த சுங்கை சிப்புட்டில் பிறந்து, மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கச் சொல்லித் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். அன்றைய கூலியில் அது பெரிய தொகை. கட்டினார்கள், தோட்டங்களையே வாங்கினார்கள். அவர் கிறிஸ்தவர் இல்லையே என்று யாராவது சொல்லலாம். ஞானத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிற வழக்கம் எனக்கில்லை.

கடனில் மாட்டியிருப்பவர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு மட்டும் கொஞ்சம். இன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, அதை மனைவியிடமோ கணவரிடமோ காட்டுங்கள். ஜெபம் செய்கிறவர்களாக இருந்தால் அந்தத் தாளை நடுவில் வைத்து ஜெபியுங்கள். பேங்க் கடன், கிரெடிட் கார்டுக் கடன் என்றால், நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. ஆலோசனைக்குக் காசு கேட்பதில்லை, தவணையை மாற்றி அமைக்கவும் உதவுகிறார்கள். ஆலோங் கடன் அவர்கள் கையில் இல்லை. அதற்குப் போலீஸ்தான். தனியாகப் போகப் பயமாக இருந்தால், உங்கள் போதகரையோ கோவில் தலைவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். வரமாட்டேன் என்று அவர்கள் சொன்னால், அடுத்த வாரம் காணிக்கைத் தட்டு வரும்போது அதை ஞாபகப்படுத்துங்கள்.

நன்றி, வணக்கம்.