ஐந்து தடவை திரும்பி வந்தவர்

நேயர்களுக்கு வணக்கம். நிலாவெளிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் உப்புவெளி யுத்த மயானத்தைப் பார்க்காமல் போயிருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் அங்கே பல வருடம் போயிருக்கிறேன். பொதுநலவாயப் போர்க் கல்லறைகளில், பதக்கம் பெற்றவராக இருந்தால் பெயருக்குப் பின்னால் சில எழுத்துகளைப் பொறிப்பது வழக்கம். அதைச் சொன்னதும் பிள்ளைகள் கேட்பார்கள்: "சேர், அப்படியென்றால் அவர் என்ன செய்தார்?" அந்தக் கேள்விக்காகத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

ஒரு சார்ஜன்ட்டின் கதை சொல்கிறேன். சார்ஜன்ட் என்றால் யார்? உத்தரவு போடுகிறவர் அதிகாரி. அந்த உத்தரவோடு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு சேற்றில் இறங்குகிறவர் சார்ஜன்ட். யாருக்குக் காலில் புண், யாருக்கு வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாம் உலக யுத்தம், 1944 ஜூன் 6 இரவு. மணிப்பூரில், இம்பாலுக்குத் தெற்கே நிங்தௌகொங் என்ற கிராமம். அந்தப் போர்முனைக்கான தலைமையகம் அப்போது நம் பேராதனையில் இருந்தது, நம் திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை நின்றது, அதனால் இது எங்கோ தூரத்துக் கதை இல்லை. நான் சொல்கிற சார்ஜன்ட் ஹான்சன் டேர்னர், பிரித்தானியாவின் வெஸ்ட் யோர்க்‌ஷயர் படைப்பிரிவு. சுமார் இருபது பேர், நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். யப்பானியர் பெரும் படையாக வந்து தாக்கியதில் மூன்று துப்பாக்கிகள் போய்விட்டன. கொஞ்சம் பின்வாங்கி, மிஞ்சியவர்களை ஒழுங்குபடுத்தி, அடுத்தடுத்த தாக்குதல்களை அவர் தடுத்து நிறுத்தினார். பக்கவாட்டில் சுற்றி வளைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், கைக்குண்டுகளைத் தூக்க முடிந்த அளவு தூக்கிக்கொண்டு தனியாக முன்னால் போனார்.

அன்றைய பிரித்தானியக் கைக்குண்டு ஒன்று ஏறக்குறைய முக்கால் கிலோ. பத்து எடுத்தால் ஏழரைக் கிலோ, அதை இருட்டில் சுமந்துகொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் எறிந்து முடித்தார். திரும்பி வந்தார். மறுபடி எடுத்துக்கொண்டு போனார். இப்படி ஐந்து தடவை குண்டு எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார், நேயர்களே, ஐந்து தடவை. ஒரு தடவை ஆவேசத்தில் போய்விடலாம், என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஆனால் திரும்பி வந்தவருக்குத் தெரியும். தன் ஆட்கள் இருக்கிற இடத்தில் வந்து நின்று, மூச்சு வாங்கி, பைகளை நிரப்பி, அங்கே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு மறுபடி போகிறாரே, அந்த இடத்தில்தான் என் மனம் எப்போதும் நின்றுவிடும். ஆறாவது தடவை, குண்டு எறிந்துகொண்டிருக்கும்போதே கொல்லப்பட்டார். பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை அவர் இறந்த பிறகு கிடைத்தது. இம்பால் யுத்த மயானத்தில் இருக்கிறார்.

அப்புறம், எனக்கு நீண்ட நாளாக உறுத்துகிற ஒரு விஷயம். விக்டோரியா சிலுவைக்கு 1856 இல் தொடங்கிய நாளிலிருந்தே பதவி வேற்றுமை கிடையாது. மற்றப் பதக்கங்கள் சிலவற்றுக்கு இருந்தது. ஒரே சண்டையில் ஒரே மாதிரித் துணிவு காட்டினாலும் அதிகாரிக்கு மிலிட்டரி குரொஸ், சார்ஜன்ட்டுக்கு மிலிட்டரி மெடல். 1993 இல்தான் இந்தப் பிரிவை எடுத்தார்கள். பயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே? ஒரே துணிவுக்கு இரண்டு பெயர் வைத்தது அநியாயம் என்று நான் வகுப்பிலும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார். 1942 ஏப்ரல் 9 காலை யப்பான் விமானங்கள் நம் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியதைப் பற்றிக் கதைக்கத்தான் குறிப்பு எழுதி வந்தேன், சரி, அது இன்னொரு நாள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பழைய பதக்கம் ஏதாவது கிடந்தால், முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். மிலிட்டரி மெடல் போன்றவற்றில் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அந்த விளிம்பில்தான் பொடி எழுத்தில் இருக்கும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். வணக்கம்.