குணசாலியும் களைத்துப்போவாள்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், அரங்கு நிறைய அமர்ந்திருக்கும் விசுவாச மக்களுக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கிறிஸ்தவப் பெண்ணை உயர்த்துவது, குறையற்றவளாக வாழ வேண்டும் என்ற வைராக்கியமா, குறையோடும் நேசிக்கப்படுகிறேன் என்ற விடுதலையா? நான் விடுதலையின் பக்கம். விளக்கம் அவ்வளவுதான். இப்போது ஒரு ஜெபக்கூட்டத்துக்கு உங்களை அழைத்துப்போகிறேன்.

பெண்கள் கூட்டம். பாடல் முடிந்தது, தேவசெய்தி முடிந்தது, ஜெபக்குறிப்பு கேட்கும் நேரம். நடத்துகிற சகோதரி நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, "சொல்லுங்கள்" என்கிறார். ஒருவர் மகனின் பரீட்சை என்கிறார். எழுதிக்கொள்கிறார். ஒருவர் கணவரின் வேலை என்கிறார். எழுதிக்கொள்கிறார். மாமனாரின் முழங்கால் வலி, பக்கத்து வீட்டுக்காரரின் அறுவைச் சிகிச்சை, எல்லாம் ஏறிக்கொண்டே போகிறது. அதுவரை ஒருவர்கூடத் தனக்காகக் கேட்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு சகோதரி மெல்லச் சொன்னார்: "நான் மிகவும் களைத்துப்போயிருக்கிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்."

பேனா நின்றுவிட்டது.

"உடம்பு சரியில்லையா அக்கா?"

"உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது."

"வீட்டில் ஏதாவது பிரச்சினையா?"

"ஒன்றும் இல்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்."

நோயாக இருந்தால் எழுதலாம், கடனாக இருந்தால் எழுதலாம். வெறும் களைப்பை என்னவென்று எழுதுவது? பேனா அந்தரத்தில் நிற்கிறது. அப்போதுதான் முன்வரிசையிலிருந்து, உண்மையான அன்போடு, ஒரு ஆலோசனை வந்தது: "அக்கா, காலையில் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து ஜெபித்துப் பாருங்களேன்."

சிரிக்கிறீர்கள். இருங்கள், இன்னொரு முறை மெதுவாகச் சொல்கிறேன். களைத்துப்போய்விட்டேன் என்று சொன்னவருக்குக் கிடைத்த மருந்து, ஒரு மணி நேரத் தூக்கத்தை வெட்டுவது! அதோடு விட்டார்களா? இன்னொருவர், "நான் பல வருடங்களாக நான்கு மணிக்கே எழுகிறேன்" என்றார். அவருக்கு அடுத்தவர், "நான் அதோடு உபவாசமும் இருக்கிறேன்" என்றார். மூன்றாமவர் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கடைசி வரிசைச் சகோதரி என்ன செய்தார் தெரியுமா? "மன்னித்துக்கொள்ளுங்கள். என் மகளின் படிப்புக்காக ஜெபியுங்கள்" என்றார். பேனா மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

வேதத்தில் எலியாவும் களைத்துப்போனார். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்றார். தேவதூதன் வந்தான். முன்னதாக எழுந்து ஜெபம் செய் என்றா சொன்னான்? தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் திட்டவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பி, பிரயாணம் வெகுதூரம், சாப்பிடு என்றான். தீர்க்கதரிசி களைத்தால் பரலோகமே பரிமாறுகிறது. நம் சகோதரி களைத்தால் மட்டும் அவளுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

இப்போது எதிரணித் தலைவர் அண்ணனிடம் வருகிறேன். குணசாலியான பெண்ணைப் பாடுகிற நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தைக் கையில் எடுத்து, எங்களைப் பார்த்து ஒரு கணை விட்டார். "நீதிமொழிகள் 31 ஒரு கண்ணாடி. முகத்தில் அழுக்கு இருந்தால் கழுவுங்கள் என்றால், விடுதலை அணியினர் கண்ணாடியை உடைக்கக் கல்லைத் தேடுகிறார்கள்" என்றார். நல்ல கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அண்ணா, அந்தக் கண்ணாடி யார் முகத்துக்கு நேராகப் பிடிக்கப்பட்டது? அதிகாரத்தின் முதல் வசனத்தைப் படியுங்கள். ராஜாவாகிய லேமுவேலுக்கு அவன் தாய் போதித்த உபதேசம். தாய் மகளுக்குச் சொன்னதல்ல, மகனுக்குச் சொன்னது! முதல் ஒன்பது வசனங்களில், ஸ்திரீகளுக்கு உன் பெலனைக் கொடாதே, மதுபானத்தை விட்டு விலகு, ஊமையனுக்காக உன் வாயைத் திற, சிறுமையும் எளிமையுமானவனுக்கு நியாயம் செய் என்கிறாள். அவை முழுக்க முழுக்க ஆண்மகனுக்கானவை. அண்ணன் அந்த ஒன்பதையும் நாசூக்காகத் தாண்டிவிட்டு, குணசாலியான பெண்ணைப் பற்றிய பத்தாம் வசனத்திலிருந்து எங்களிடம் நீட்டுகிறார்.

அந்தப் பத்திலிருந்து 31 வரை எண்ணுங்கள், 22 வசனங்கள். எபிரெய எழுத்துகளும் 22. ஒவ்வொரு வசனமும் எழுத்து வரிசைப்படி தொடங்குகிற பாட்டு அது. ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் அகரம் முதல் னகரம் வரை அடுக்கிப் பாடிய புகழ்ச்சி. அதை நாம் திங்கட்கிழமைக்கான வேலைப் பட்டியலாக ஆக்கிவிட்டோம். விடியுமுன் எழுந்திரு, இரவிலும் விளக்கை அணைக்காதே, வயலை வாங்கு, நூல் நூற்று விற்பனை செய். சரி. ஆனால் 15ஆம் வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருக்கிறார்களே, அவர்களை எங்கே காணோம்? வேலைகளை எல்லாம் பெண்ணின் தலையில் இறக்கிவிட்டு வேலைக்காரிகளை வழியிலேயே விட்டுவிட்டோம்!

கடைசி வசனத்தைப் பாருங்கள். "அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்." கொடுங்கள் என்பது யாருக்கு இட்ட கட்டளை? சுற்றி நிற்கிற நமக்கு. அண்ணா, கண்ணாடியை நாங்கள் உடைக்க வரவில்லை. உங்கள் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இன்னும் ஒன்று. இதே வேதம் பெயர் சொல்லி ஒருத்தியைக் குணசாலி என்று அழைக்கிறது. ரூத். அவள் கதிர் பொறுக்கிய வயலின் சொந்தக்காரரான போவாஸ் அப்படிச் சொன்ன நேரத்தில் அவளுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, வயல் இல்லை. அந்நிய ஜாதியான மோவாபியப் பெண், விதவை, அறுக்கிறவர்கள் பின்னால் சிந்தின கதிரைப் பொறுக்கினவள். உங்கள் பட்டியலில் எத்தனை அவளிடம் இருந்தன? அவளிடம் இருந்தது மாமியார் நகோமியை விட்டுப் போகாத அன்பு. மத்தேயு அவளைத்தான் இயேசுவின் வம்சவரலாற்றில் எழுதினார்.

பூரண சற்குணராயிருங்கள் என்று ஆண்டவரே சொன்னாரே என்றும் கேட்டார்கள். மத்தேயு 5:48. அதற்கு முந்தின வசனங்களைப் படித்தால் போதும். அங்கே ஆண்டவர் சத்துருவைச் சிநேகிப்பதைப் பற்றிப் பேசுகிறார். மேசை விரிப்பின் மடிப்பைப் பற்றி அல்ல.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, ஒரே ஒரு நிமிடம்.

லூக்கா 13இல் ஒரு பெண் வருகிறாள். 18 வருடம் நிமிர முடியாத கூனி. ஜெப ஆலயத்துக்கு வந்திருக்கிறாள். 18 வருடமாக அவள் பார்த்ததெல்லாம் தரையும் மற்றவர்களின் பாதங்களும்தான். அவள் எதையும் கேட்டதாக வேதத்தில் இல்லை. இயேசு அவளைக் கண்டார், கூப்பிட்டார், "ஸ்திரீயே, உன் பலவீனத்தினின்று விடுதலையாக்கப்பட்டாய்" என்றார். கைகளை வைத்தார். அவள் நிமிர்ந்தாள். அன்று ஓய்வுநாள். ஆலயத் தலைவனுக்குக் கோபம், வேலை செய்ய ஆறு நாள் உண்டே, அப்போது வரக்கூடாதா என்று. ஆண்டவர் அவளுக்காக வாதாடினார். எல்லார் முன்பும் அவளை ஆபிரகாமின் குமாரத்தி என்றார். அவள் வீட்டை எப்படி வைத்திருந்தாள், பிள்ளைகளை எப்படி வளர்த்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

என் அக்காமாரே, தங்கைமாரே, இந்த அரங்கில் எத்தனை பேர் குனிந்தே வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களைக் கூப்பிட்டவருக்குத் தெரியும். நீங்கள் முதலில் நிமிர்ந்து காட்டுங்கள், பிறகு கூப்பிடுகிறேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. தீர்ப்பு நடுவரிடம் இருக்கட்டும். இயேசு அந்தப் பெண்ணிடம் சொன்னதை உங்களிடம் சொல்லிவிட்டு இறங்குகிறேன்: விடுதலையாக்கப்பட்டாய் அம்மா.

நன்றி, வணக்கம்.