மாரிக்கு ஒரு வேலை வேணும்

வணக்கமுங்க. மணி இப்போ அஞ்சே முக்கால். சேலம் அடிவாரத்துல, ஏற்காடு ரோட்டை ஒட்டி நிக்கிறேன். காத்து சத்தம் கொஞ்சம் கேக்கும், பொறுத்துக்குங்க. கால்கிட்ட உக்காந்திருக்கறது மாரி. பெல்ஜியன் மாலினாய்ஸ்ங்கற ஜாதி நாய், மூணு வயசு. காதைப் பாருங்க, ரெண்டும் பஸ் வர்ற பக்கமே நிக்குது.

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தாரு. "அண்ணா, மாலினாய்ஸ் குட்டி ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். அஸ்தம்பட்டில ரெண்டாவது மாடி வீடு, நானும் வீட்டுக்காரம்மாவும் வேலைக்குப் போறோம். வளக்கலாமா?"

தம்பி, வேணாம். வாங்கறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களைக் கும்பிடணும். நெறைய பேரு வாங்கி எட்டு மாசம் கழிச்சுத்தான் கேக்குறாங்க.

மாரி எங்கிட்ட வந்தப்ப அவளுக்குப் பதினோரு மாசம். டவுனுக்குள்ள ஒரு வீடு. நல்ல மனுசங்கதான், சோத்துக்குக் குறை வெக்கல. ஆனா கொல்லைல தென்னை மரத்தோட நாலடி சங்கிலி. நான் போய்ப் பாத்தப்ப மரத்தைச் சுத்தி மண்ணு வட்டமா தேஞ்சு பள்ளமா கெடந்துச்சு. செக்கு மாடு சுத்துன தடம் மாதிரி. ஒரு புல்லு இல்ல. நான் நின்னு பேசிட்டிருந்த அரை மணி நேரமும் அவ சுத்திக்கிட்டேதான் இருந்தா.

அந்த வீட்டுப் பையன் லேசர் லைட் அடிச்சு வெளையாட்டு காட்டியிருக்கான். சின்னப் புள்ளை, அவனுக்கு என்ன தெரியும். ஆனா வாய்ல கவ்வவே முடியாத ஒண்ணை மாசக்கணக்குல தொரத்துன நாய்க்கு அது மண்டைலயே தங்கிருச்சு. இன்னைக்கும் எவர்சில்வர் சொம்புல வெயில் பட்டு சுவத்துல வெளிச்சம் ஆடுச்சுன்னா, சோத்தை விட்டுட்டு சுவத்தையே பாத்துக்கிட்டு நிப்பா. கூப்பிட்டா காது கேக்காது. ரெண்டு வருசமாச்சு, இன்னும் முழுசா போகல. அதனால காலைல அம்மா மொதல்ல சமையக்கட்டு ஜன்னலுக்குத் திரை போட்டுட்டுத்தான் அடுப்பைப் பத்த வெப்பாங்க.

இது நாயோட கெட்ட குணம் இல்லீங்க. பெல்ஜியத்துல மலீன்னு ஒரு ஊரு, அந்த ஊர் பேருதான் இந்த நாய்க்கு. நாளெல்லாம் மந்தையைச் சுத்தி ஓடணும், மேய்ப்பன் ஒரு சைகை காட்டுனா சட்டுனு திரும்பணும், அதுக்குன்னே தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்தது. பார்டர் கோலியும் அப்படித்தான், இங்கிலாந்து ஸ்காட்லாந்து எல்லைல ஆடு மேய்ச்ச நாய். மேய்க்க ஆடு இல்லைன்னா வீட்டுப் புள்ளைங்களை மேய்க்கும், தெருவுல போற பைக்கை மேய்க்கும், குதிகாலைக் கவ்வும். ஜனங்க அதைப் பாத்து "நாய் கடிக்க வருது"ன்னு சொல்லி சங்கிலியை இன்னும் ஒரு அடி கொறைப்பாங்க.

2011-ல பின்லேடனைத் தேடிப் போன அமெரிக்கப் படையோட கெய்ரோன்னு ஒரு மாலினாய்ஸ் போச்சு. நம்ம நாட்டுலயும் சி.ஆர்.பி.எஃப்.ல இந்த நாய் வேலை பாக்குது. அதைப் பாத்துத்தான் ஆசை வருது, எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. ஆனா அங்க அந்த நாய்க்குன்னே ஒரு ஆள் இருக்காரு. அவரோட வேலையே அந்த நாயைப் பாத்துக்கறதுதான். நாம ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போறோமே, ரெண்டும் ஒண்ணா?

நான் பண்ணுன தப்பையும் சொல்லிடுறேன். வந்த புதுசுல பைக் பக்கத்துல ஓட விட்டேன், தெனம் 10 கிலோமீட்டர். களைச்சுப் படுத்துருவான்னு நெனச்சேன். ஒரு மாசத்துல உடம்பு அதுக்குப் பழகி, 10 ஓடுன நாய் 15 கேட்டுச்சு. எலும்பு முழுசா முத்தாத வயசு வேற, அப்படி ஓட்டியிருக்கவே கூடாது. சித்திரை மாசம் ஒரு நாள் கொஞ்சம் லேட்டாயிருச்சு, ஒன்பது மணி தார் ரோடு. உள்ளங்கால் தோல் கொப்புளிச்சு உரிஞ்சு போச்சு. எட்டு நாள் வீட்டுக்குள்ள ஒவ்வொரு காலா தூக்கித் தூக்கி வெச்சு நடந்தா. அப்பவும் என் பின்னாடியேதான் நடந்தா.

இப்ப ஓட்டம் கம்மி, மூக்குக்கு வேலை ஜாஸ்தி. இருங்க, கேமராவைக் கீழ வெக்கிறேன். இங்க ஆறு தகர டப்பா இருக்கு, மூடில ஆணில ஓட்டை போட்டது. ஒண்ணுல மட்டும் ரெண்டு கிராம்பு. கல்லுக்குப் பின்னாடி ஒண்ணு, புதருக்குள்ள ஒண்ணுன்னு அவ பாக்காம ஏற்கனவே வெச்சுட்டேன். "மாரி, தேடு." வாலைப் பாருங்க. மூச்சு சத்தம் கேக்குதா, பொசு பொசு பொசுன்னு? முதல் டப்பா, இல்ல. ரெண்டாவது... தாண்டிட்டா... திரும்பி வர்றா. ஆ, படுத்துட்டா! அதுதான் கிராம்பு டப்பா. குரைக்க மாட்டா, பக்கத்துல படுப்பா, அப்படித்தான் பழக்கியிருக்கேன். நல்ல புள்ளை, இந்தா.

இது பதினஞ்சு நிமிசம் பண்ணுனா, ஒரு மணி நேரம் ஓடுனதை விட நல்லா தூங்குறா. தட்டுல சோறு போடுறதையும் பாதி கொறைச்சுட்டேன். மீதியை சாக்குக்குள்ள, சட்டிக்கடியில ஒளிச்சு வெச்சு தேடித் திங்க விடுறேன். காலைல ஒண்ணேகால் மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், மழை பேஞ்சாலும், எனக்குக் காய்ச்சல்னாலும். நம்ம இல்லாதப்ப யாரு செய்வாங்கன்னு ஒரு பேரு சொல்ல முடியலன்னா குட்டி வாங்காதீங்க.

சேலம் வெயில் பத்தி ஒண்ணு. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு எரைச்சுத்தான் சூட்டை வெளிய தள்ளும். அதோட சாதாரண சூடே 101ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105 தாண்டுனா உசுருக்கே ஆபத்து. நாக்கு அகலமா தொங்கி, ஈறு செக்கச்செவேல்னு ஆகி, நடை தள்ளாடுச்சுன்னா அப்பவே நிழலுக்குக் கொண்டு போய் உடம்பு பூரா தண்ணி ஊத்தி, காத்தாடி போட்டு, டாக்டருக்குப் போன் பண்ணுங்க. புறங்கையை ரோட்டுல ஏழு செகண்ட் வெக்க முடியலன்னா நாயைக் கூட்டிட்டு எறங்காதீங்க. சைபீரியாவுல பனில வண்டி இழுத்த ஹஸ்கியை நம்ம ஊர் மொட்டை மாடில பாக்கும்போது எனக்கு வயிறு எரியுது.

"அப்ப நாட்டு நாய் வாங்குறேன்"னு சொல்வீங்க. சந்தோசம். ஆனா சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கு ஓடுன நாய்ங்க. முன்னாடி எதாச்சும் ஓடுச்சுன்னா நீங்க கத்துறது காதுல ஏறாது. அதுக்கும் வேலி வேணும், ஓட எடம் வேணும். கயிறு இல்லாம மலைல அவுத்து விடாதீங்க. மேல காட்டெருமை நடமாட்டம் இருக்கு, மலைக்காரங்க ஆடு மாடு மேயுது. நம்ம நாய் ஒரு ஆட்டைக் கடிச்சா போறது அவங்க பொழப்பு.

1960-ல போட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல, 11-ம் பிரிவுல, கட்டியே வளக்குற நாயை நடக்க ஓட விடாம வெக்கிறதும் குற்றம்னு இருக்கு. கொண்டு போய் அம்போன்னு விடுறதும் குற்றம். இந்த ரோட்டுல கழுத்துப் பட்டையோட ஒரு நாய், போற ஒவ்வொரு காரையும் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நின்னதை நான் பாத்திருக்கேன்.

உங்க வீட்டுல இப்படி ஒண்ணு இருந்து, சமாளிக்க முடியலன்னா, அந்த முடிவுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு எழுதுங்க. திட்ட மாட்டேன். கிராம்பு டப்பால இருந்து ஆரம்பிப்போம்.

வண்டிங்க மேல ஏற ஆரம்பிச்சுருச்சு, ரோடும் இன்னும் கொஞ்ச நேரத்துல சுட ஆரம்பிக்கும். நாங்க கெளம்புறோம். மாரி, வா.