எலிக்குட்டிக்குப் பலித்தது குழந்தைக்கும் பலிக்குமா?

(திரையில்: பிரசவ அறை. எஃகுத் தட்டில் நச்சுக்கொடி.)

வணக்கம். குழந்தை பிறந்த சிறிது நேரத்தில் நச்சுக்கொடியும் வெளியே வந்துவிடும். முழுதாக வந்திருக்கிறதா என்று மருத்துவர் புரட்டிப் பார்ப்பார். அத்தோடு அதன் வேலை முடிந்தது, பெரும்பாலும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போய்விடும். ஆனால் அந்தத் தட்டில் பல திசுக்கள் சேர்ந்து கிடக்கின்றன. பனிக்குடச் சவ்வு, தொப்புள்கொடி, கொடிக்குள் தேங்கிய ரத்தம், ரத்தக்குழாய்களைச் சுற்றியிருக்கும் வழவழப்பான வார்ட்டன் ஜெல்லி, தாயின் கருப்பையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த படலம். இவற்றிலிருந்து மருந்து செய்ய முடியுமா என்று பல நாடுகளில் ஆய்வு நடக்கிறது.

சில ஏற்கெனவே ஜெயித்துவிட்டன. 1988-இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் குழுவினர், ஃபான்கோனி ரத்தசோகை என்ற மரபுவழி ரத்தநோய் இருந்த ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றினார்கள். அவன் பிழைத்தான். சிதைந்துபோன கருவிழிப் பரப்பைப் பனிக்குடச் சவ்வு வைத்துச் சீராக்கலாம் என்று 1995-இல் கிம், செங் என்ற இரு மருத்துவர்கள் முயல்களில் காட்டினார்கள். இன்று பல நாட்டுக் கண் மருத்துவமனைகளில் அது வழக்கமான சிகிச்சை.

இந்த இரண்டையும் காட்டித்தான் மற்றதெல்லாமும் பலிக்கும் என்று விற்கிறார்கள். அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். விலங்குச் சோதனையில் ஒரு சிகிச்சை வேலை செய்தது என்று நூறு கட்டுரை வந்தாலும், அந்தச் சோதனைகளை எப்படி நடத்தினார்கள் என்று பார்க்காமல் அந்த நூறுக்கு மதிப்பில்லை. ஒரே ஒரு உதாரணத்தை எடுத்து உள்ளே போய்ப் பார்ப்போம்.

(திரையில்: இன்குபேட்டரில் குறைமாதக் குழந்தை, மூக்கில் குழாய்.)

24, 25 வாரத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று நுண்ணறைகள் இன்னும் உருவாகியிருக்காது. உயிர் காக்க வென்டிலேட்டரும் ஆக்சிஜனும் வேண்டும். அவையே அந்தப் பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கவும் செய்யும். நுண்ணறைகள் பிரியாமல், பெரிய பெரிய வெற்றறைகளாக நின்றுவிடும். மூச்சுக்குழல்-நுரையீரல் வளர்ச்சிக் கோளாறு என்று இதைச் சொல்லலாம், மருத்துவமனையில் பிபிடி என்பார்கள். இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

2009-இல் தென் கொரியாவின் சியோலில் ஓர் ஆய்வு வெளியானது. பிறந்தது முதல் 95 சதவீத ஆக்சிஜனில் வைத்த எலிக்குட்டிகளுக்கு, ஐந்தாம் நாள், மனிதத் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து வளர்த்த, மெசன்கைமல் செல்கள் என்னும் ஒருவகை ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். பதினான்காம் நாள் நுரையீரலை எடுத்துப் பார்த்தால், செல் பெற்ற குட்டிகளுக்குச் சேதம் குறைவு. அப்புறம் வேறு வேறு கூடங்களிலும் இதே திசையில் முடிவுகள் வந்தன. 2017-இல் கனடாவின் ஒட்டாவா குழு, எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி என எங்கிருந்து எடுத்த செல்லாக இருந்தாலும் சரி என்று இந்த வகைச் சோதனைகளைச் சலித்துத் தொகுத்தது. 25 ஆய்வுகள் தேறின. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் நுண்ணறைகள் தெளிவாக மேம்பட்டிருந்தன. ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில், முடிவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லப் போதுமான விவரமே எழுதப்படவில்லை.

விவரம் எழுதாவிட்டால் என்ன, முடிவு நல்லதுதானே என்று தோன்றலாம். அந்த எலிக்கூண்டுக்குள் போய்ப் பார்த்தால் புரியும்.

(திரையில்: ஒளி ஊடுருவும் பெட்டி, உள்ளே தாய் எலியும் குட்டிகளும். ஆக்சிஜன் அளவு காட்டும் எண்.)

எலிக்குட்டியைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் இருக்கிறது. நிறைமாதத்தில் பிறந்தாலும் அதன் நுரையீரல், குறைமாதக் குழந்தையின் நுரையீரல் இருக்கும் கட்டத்தில்தான் இருக்கும். பிறந்த பிறகுதான் நுண்ணறைகள் பிரியும். அதனால் அந்த வளர்ச்சி தடைபடுவதைக் கண்முன் பார்க்கலாம்.

பெட்டிக்குள் குட்டிகள் இரண்டு வாரம் தாங்கும். வளர்ந்த எலி அந்த ஆக்சிஜனில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே பால் கொடுக்கும் தாயைத் தினமும் வெளியே எடுத்து, சாதாரணக் காற்றில் இருக்கும் இன்னொரு தாயை உள்ளே விடுவார்கள். இப்படி மாற்றாமல் விட்டால் தாய் நோயுறும், பால் குறையும், குட்டி இளைக்கும். இளைத்த குட்டியின் நுரையீரலும் சரியாக வளராது. அப்போது நாம் பார்க்கும் சேதம் ஆக்சிஜனால் வந்ததா, பசியால் வந்ததா?

அடுத்தது குட்டிகளைப் பிரிப்பது. ஒரு தாய் பத்துப் பன்னிரண்டு குட்டி போடும். ஒரு தாயின் குட்டிகள் எல்லாவற்றுக்கும் செல், இன்னொரு தாயின் குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒப்பீட்டுக்காக வெறும் உப்புநீர் என்று கொடுத்துவிட்டு, ‘குழுவுக்கு 12 விலங்குகள்’ என்று எழுதினால், உண்மையில் ஒப்பிட்டது இரண்டு குடும்பங்களை மட்டும்தான். குலுக்கல் முறையில் பிரிக்காமல் கைக்கு வந்ததை எடுத்தாலும் ஆபத்து. துறுதுறுப்பான குட்டி ஓடும், சோர்ந்த குட்டி முதலில் கையில் சிக்கும்.

கடைசியில் அளப்பது. நுரையீரலை ஒரே அழுத்தத்தில் ஊதி நிறுத்தி, பதப்படுத்தி, மெல்லிய சீவலாக வெட்டி, நுண்ணோக்கியில் ஒரு கோடு போட்டு, ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவர் எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். தூரம் கூடினால் நுண்ணறை பெருத்துவிட்டது என்று பொருள். ஊதிய அழுத்தம் சற்று மாறினாலே இந்த எண் மாறிவிடும். எந்த இடத்தில் கோடு போடுவது என்பதும் அளப்பவர் கையில்தான் இருக்கிறது. இது செல் கொடுத்த குட்டி என்று அவருக்குத் தெரிந்திருந்தால் கண் தானாகவே நல்ல இடத்தைத் தேடும். பொதுத்தேர்வு விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போடுவது எதற்கு என்று நமக்குத் தெரியும் அல்லவா? அதே காரணத்துக்காகத்தான் இங்கேயும் மறைத்து அளக்க வேண்டும்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து ஆய்வாளர்கள் 2014-இல் இதற்கென்றே பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு கருவியை வெளியிட்டார்கள். சிர்க்கிள் என்று பெயர். குலுக்கினார்களா, தொடக்கத்தில் இரு குழுக்களும் ஒத்திருந்தனவா, பராமரித்தவருக்கு எது எந்தக் குழு என்று தெரியுமா, அளந்தவருக்குத் தெரியுமா, நடுவில் இறந்த விலங்குகள் கணக்கில் வந்தனவா என்று வரிசையாகக் கேட்கும். பதில் கட்டுரையிலேயே இல்லையென்றால் ‘தெளிவில்லை’ என்று குறிக்க வேண்டியதுதான். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் குறிப்புதான். அத்தனை விலங்குகளைக் கொன்றபின், அவற்றைக் குலுக்கிப் பிரித்தோமா என்று ஒரு வரி எழுத முடியாமல் போகிறது.

(திரையில்: நச்சுக்கொடியின் குறுக்குவெட்டு. தாய்ப் பகுதி ஒரு நிறம், சேய்ப் பகுதி இன்னொரு நிறம்.)

பிறப்புசார்ந்த திசுக்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நச்சுக்கொடியின் ஒரு பகுதி தாயுடையது. அதிலிருந்து செல் எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும்போது, சேயின் செல் என்று நினைத்து வளர்த்தது உண்மையில் தாயின் செல்லாக இருந்துவிடுவது சகஜம். பிறந்தது ஆண் குழந்தையாக இருந்தால் ஒய் குரோமோசோம் இருக்கிறதா என்று பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பல கட்டுரைகளில் இந்தச் சோதனையே இருக்காது, ‘நச்சுக்கொடி மெசன்கைமல் செல்’ என்று மட்டும் இருக்கும். எந்தத் திசுவின் எந்த அடுக்கு என்று தெரியாமல் பத்து ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டினால் வரும் விடை எதைப் பற்றியது? ஐரோப்பாவின் ஸ்ப்ரின்ட் என்ற ஆய்வாளர் கூட்டமைப்பு, இந்தத் திசுக்களுக்கும் செல்களுக்கும் ஒரே சீரான பெயர்களை 2020-இல் வெளியிட்டதற்குக் காரணம் இந்தக் குழப்பம்தான்.

வெளிவராத ஆய்வுகள் வேறு. பக்கவாத விலங்குச் சோதனைகளைப் பற்றி 2010-இல் வந்த ஒரு கணக்கு இது. 525 கட்டுரைகளில் மூளைச் சேதத்தின் அளவு குறையவில்லை என்று சொன்னவை வெறும் பத்து. வெளியிடப்படாமல் மேசை இழுப்பறைக்குள் முடங்கியிருக்கக்கூடிய முடிவுகளையும் மதிப்பிட்டுச் சேர்த்தால், 31.3 சதவீதமாகத் தெரிந்த பலன் 23.8 சதவீதமாக இறங்கியது.

சரி, கொரியாவுக்குத் திரும்புவோம். எலிக்குட்டிகளுக்குப் பிறகு, 2014-இல் ஒன்பது குறைமாதக் குழந்தைகளிடம் பாதுகாப்புச் சோதனை முடிவு வந்தது. செல்களைச் செலுத்தியதில் பெரிய தீங்கு தெரியவில்லை. 2021-இல் 66 குழந்தைகள், குலுக்கல் முறை, மறைத்து வைத்த ஒப்பீடு. மரணம் அல்லது மிதமான, கடுமையான பிபிடி என்ற முதன்மை அளவில் இரு குழுக்களிலும் ஏறத்தாழ பாதிப் பேர், வித்தியாசம் இல்லை. 23, 24 வாரத்தில் பிறந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது கடுமையான பிபிடி 53 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகக் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் குழுவுக்குப் பதினைந்து பேர் அளவில் கிடைத்த எண். அதை வைத்து இன்னொரு சோதனையைத் தொடங்கலாம், சிகிச்சையைத் தொடங்க முடியாது.

எலிக்குக் கிடைத்தது ஏன் குழந்தைக்குக் கிடைக்கவில்லை? எலிக்குட்டிக்கு ஆக்சிஜன் ஒன்றுதான் எதிரி. குழந்தைக்கு வென்டிலேட்டர் அழுத்தம், கிருமித்தொற்று, கருவறையிலேயே தொடங்கிய அழற்சி எல்லாம் சேர்ந்து வருகின்றன. இது ஒரு பாதி. விலங்கு ஆய்வுகளின் பலன் தொடக்கத்திலேயே கொஞ்சம் ஊதிப் போயிருந்ததா என்பது இன்னொரு பாதி. அதைச் சரிபார்க்க வேண்டிய விவரங்கள்தான் கட்டுரைகளில் இல்லை.

(திரையில்: சிடிஆர்ஐ இணையதளத்தின் தேடல் பக்கம்.)

இதைப் பார்க்கும் பெற்றோருக்கு ஒரு விஷயம். மூளைவாதம், ஆட்டிசம் என்று சொல்லி தொப்புள்கொடி செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்கும் இடங்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடெல்லாம் இன்னும் ஆய்வு நிலைதான். அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்குள் மட்டுமே செய்யலாம். யாராவது பரிந்துரைத்தால் சிடிஆர்ஐ, அதாவது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தத் தளத்தில் எண்ணைப் போட்டுத் தேட காசு கிடையாது. எந்தக் குழுவோடு ஒப்பிடுகிறார்கள், எப்படிக் குலுக்குகிறார்கள், யார் யாருக்கு மறைக்கிறார்கள் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். இணைப்பு கீழே இருக்கிறது.