கீத பவனியும் அரையாண்டுத் தேர்வும்

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் டிசம்பர் பிறந்தால் ராத்திரியில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடிப் போகிற கீத பவனி கிளம்பிவிடும். வீடு வீடாகப் போய்ப் பாடுகிறவர்களில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் நிறைய. அரையாண்டுத் தேர்வும் அதே நாட்களில்தான். பெரும்பாலும் 23ஆம் தேதிவாக்கில்தான் முடிகிறது. பெரியவர்களைக் கேட்டால், "ரெண்டு மணி நேரம்தானே, பாடிட்டுப் போய்ப் படிக்கட்டும்" என்பார்கள்.

அந்த ரெண்டு மணி நேரக் கணக்கில்தான் கோளாறு. பாடுவது பாரமே இல்லை. பல பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிடைக்கிற சந்தோஷமே அதுதான். கீபோர்டுக்கு அடாப்டர் யார் கொண்டுவருவது, ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாட ஆள் உண்டா, ஓய்வுநாள் பாடசாலை (சண்டே ஸ்கூல்) நாடகத்துக்கு மேய்ப்பர் உடுப்பு தைத்தாயிற்றா, வாட்ஸ்அப் குழுவில் யார் பதில் போடவில்லை... வேதியியல் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும்போதும் இதெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

மனச்சுமையை அளக்க அமெரிக்காவின் நாசாவில் ஒரு அளவுமுறை உருவானது. சாண்ட்ரா ஹார்ட், லோவெல் ஸ்டேவ்லேண்ட் இருவரும் 1988இல் வெளியிட்டார்கள். அதில் ஆறு கேள்விகள்: மூளைக்கு எவ்வளவு வேலை, உடம்புக்கு எவ்வளவு, நேர நெருக்கடி எவ்வளவு, செய்து முடித்தது சரியாக வந்ததா, எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது, எரிச்சலும் பதற்றமும் எவ்வளவு. உடம்புக் களைப்பு ஆறில் ஒன்றுதான். நாமோ அதை மட்டும் பார்த்து, "பிள்ளை களைச்சுப் போச்சு, ஒரு காப்பி குடுங்க" என்கிறோம். காப்பி நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். வேறு வேலைக்கு 'முடியாது' என்றால் சோம்பேறி என்பதோடு விட்டுவிடுவார்கள். இங்கே சொன்னால், 'ஊழியத்தில் ஆர்வம் போய்விட்டது' என்று பேச்சு வரும். பக்தியையே சந்தேகப்படுவார்களோ என்று பயந்து பிள்ளை தலையாட்டிவிடும். இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ள சங்கடமல்ல. 2025இல் ரமலானும் பிளஸ் டூ பொதுத்தேர்வும் ஒரே மார்ச்சில் வந்தன. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்ற நின்ற மாணவர்களுக்கும் இதே இழுபறி இருந்திருக்கும்.

வாலிபர் சங்கப் பொறுப்பாளர்களே, பாட்டைப் பிள்ளைகளிடம் விடுங்கள். பட்டியல், வேன், ஃபோன் எல்லாவற்றையும் படிப்பு முடித்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் குழுவில் செய்தி போடாதீர்கள். "தேர்வு எழுதுகிறவர்கள் 23 வரை வர வேண்டாம், 24ஆம் தேதி ராத்திரி வாருங்கள்" என்று நவம்பர் கடைசி ஞாயிறிலேயே குருவானவர் ஆராதனை அறிவிப்பில் சொல்லிவிட்டால், எந்தப் பிள்ளையும் தனியாக வந்து தயங்கித் தயங்கி லீவு கேட்க வேண்டியதில்லை.