புரட்டாசியில் ஒரு ஊசி

(தஞ்சாவூரில் மூத்த குடிமக்களின் மாதக் கூட்டமொன்றில் பொதுநல மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், அவர்களைக் கைபிடித்து அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு ஐயா என்னை நிறுத்திக் கேட்டார்: "டாக்டர், போன வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டேன். இந்த வருஷமும் போடணும்ங்கிறாங்க. தட்டம்மைக்குச் சின்ன வயசுல போட்டா ஆயுசுக்கும் போதுமே, இது மட்டும் ஏன் வருஷா வருஷம்? ரெண்டாயிரம் ரூபாய் வரைக்கும் ஆகுது. அவ்வளவு பிரயோஜனம் இருக்கா?"

எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஐயாவின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பிரயோஜனம் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மூக்கு ஒழுகுவது, நாலு தும்மல், தொண்டைக் கரகரப்பு இதெல்லாம் சாதாரணச் சளி. அதை உண்டாக்கும் கிருமிகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. இந்த ஊசி அவற்றில் ஒன்றைக்கூடத் தடுக்காது. "ஊசி போட்டும் சளி பிடிச்சுதே" என்று வருத்தப்படுபவர்கள் பலர். அந்தச் சளிக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. ஃப்ளூ என்று நாம் சுருக்கிச் சொல்லும் இன்ஃப்ளூயன்சா வேறு ரகம். காலையில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் சாயங்காலம் 103 டிகிரியோடு போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். முதுகு, தொடை, கண்ணின் பின்பக்கம் எல்லாம் வலிக்கும். நம் தாத்தா பாட்டி அதை விஷக்காய்ச்சல் என்றார்கள். 1918-ல் கப்பல் வழியாக பம்பாய்க்கு வந்து நாடெங்கும் பரவிய அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து நம் ஜனத்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரைதான்.

அதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2015-ல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் பேர் வைத்த எச்1என்1 என்ற ஒரு ஃப்ளூ ரகம் மட்டும், பரிசோதனையில் உறுதியானது மட்டும், நாட்டில் 42,592 பேருக்கு. இறந்தவர்கள் 2,990 பேர். 2017-ல் 38,811 பேரும் 2,270 சாவும். சோதனை செய்யாமல் "நிமோனியா", "மாரடைப்பு" என்று எழுதி முடித்த கணக்கு இதில் வராது.

அந்த எழுதப்படாத கணக்கில் ஒருவரை எனக்குத் தெரியும்.

சில வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை முதல் வாரம். இரவு பத்து மணிக்கு, கொட்டுகிற மழையில் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நெல் வியாபாரி, அறுபத்திரண்டு வயது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, இதயத்தில் ஒரு ஸ்டென்ட். பேரனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சல் வந்திருக்கிறது. பேரன் மூன்றாம் நாள் எழுந்து விளையாடப் போய்விட்டான். தாத்தா படுத்துவிட்டார். மெடிக்கலில் சொல்லி வாங்கின ஆன்டிபயாட்டிக்கை நாலு நாள் சாப்பிட்டிருக்கிறார். இது வைரஸ், அந்த மாத்திரைக்குக் கட்டுப்படாது. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். ரத்தத்தில் ஆக்சிஜன் 82, ஆபத்தான அளவு. ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு. மூன்றாம் நாள் போய்விட்டார். மூக்குச் சளிப் பரிசோதனையின் முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது: இன்ஃப்ளூயன்சா.

அவர் அந்த ஆவணியில் என்னிடம் வந்திருந்தார். சர்க்கரை பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், பாதத்தில் புண் இருக்கிறதா என்று காலைத் தூக்கிப் பார்த்தேன். சீட்டில் ஐந்து மாத்திரை எழுதினேன். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, அந்த ஊசி அப்படி உத்தரவாதம் தருவதும் இல்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஆவணி பிறந்தால் என் மேசையில் வேறு எந்த நோய்க்கு யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

இனி ஐயா கேட்டது: ஏன் வருஷா வருஷம்?

இந்த வைரஸின் மேல்தோலில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள்ளால்தான் நம் மூச்சுக்குழாய்ச் செல்லைப் பற்றிக்கொள்கிறது. ஊசி போட்டால் நம் உடம்பு அந்த முள்ளின் சாடையை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே சாடையில் எவன் வந்தாலும் வாசலிலேயே மடக்கும். தட்டம்மைக் கிருமிக்கு முகம் மாறுவதில்லை, அதனால் சின்ன வயசில் போட்டது கிழவயது வரை செல்லும். இன்ஃப்ளூயன்சா அப்படியில்லை. தன்னைத்தானே நகல் எடுக்கும்போது பிழையோடு எடுக்கிறது. பிழைமேல் பிழை சேர்ந்து ஒன்றிரண்டு வருஷத்தில் சாடை மாறிவிடுகிறது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும், பிற்பாடு போலியோ தடுப்பூசியால் பேர் பெற்ற ஜோனஸ் சால்க்கும் 1940-களில் ராணுவத்தினருக்காக இந்த ஊசியைத் தயாரித்தார்கள். நன்றாக வேலை செய்தது. 1947-ல் அதே ஊசி கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை. மருந்து கெட்டுப்போகவில்லை, வைரஸ் மாறியிருந்தது.

அதனால்தான் 1952-லிருந்து உலக சுகாதார நிறுவனம் நாடு நாடாக ஆய்வுக்கூடங்களை இணைத்து இந்த வைரஸைக் கண்காணிக்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை கூடி, பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கும் செப்டம்பரில் தென்பாதிக்கும், அடுத்த பருவத்து ஊசியில் எந்த எந்த ரகம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். ஏன் அவ்வளவு முன்கூட்டியே? இந்த மருந்தில் பெரும்பகுதி கோழி முட்டையில் வளர்க்கப்படுகிறது. கருவுற்ற முட்டைக்குள் வைரஸைச் செலுத்தி, பெருகவிட்டு, எடுத்து, கொன்று, சுத்தம் செய்து, புட்டியில் அடைப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். அதற்குள் வைரஸ் வேறு முகம் எடுத்துவிட்டால் கணிப்பு தவறும். அமெரிக்காவில் 2014-15 பருவத்தில் அப்படித்தான் தவறியது. பாதுகாப்பு நூற்றுக்கு இருபதுகூட இல்லை. ரகம் பொருந்தி வரும் வருஷங்களில் ஆஸ்பத்திரிப் படி ஏறவைக்கும் ஃப்ளூவை நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைக்கிறது. இதற்கு மேல் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முட்டை என்றதும் சிலர் முகம் சுருங்குவது தெரிகிறது. நம் ஊரில் முட்டை தொடாத குடும்பங்கள் நிறைய. மறைத்துச் சொல்லி ஊசி போடுவது எனக்குச் சம்மதமில்லை. முட்டையில் வளர்ந்தது உண்மை. சுத்திகரித்த பிறகும் முட்டைப் புரதம் மிகச் சொற்பமாக இருக்கக்கூடும். வெளிநாடுகளில் முட்டையில்லாமல் தயாரிப்பதும் உண்டு. முடிவு உங்களுடையது.

இப்போது கணக்கு. இளவயதுக்காரர்கள் கவனியுங்கள். காக்ரேன் என்ற ஆய்வமைப்பு 2018-ல் உலகெங்கும் நடந்த பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. அறுபத்தைந்து வயதுக்குட்பட்ட திடமான பெரியவர்களில் ஊசி போடாதவர்கள் நூறு பேரில் 2.3 பேருக்கு ஒரு பருவத்தில் ஃப்ளூ வந்தது, போட்டவர்களில் 0.9 பேருக்கு. அதாவது இந்த மண்டபத்தில் பாதி நாற்காலியில் 71 பேரை உட்காரவைத்து எல்லோருக்கும் போட்டால் ஒருவருக்குக் காய்ச்சல் தப்பும். மற்ற எழுபது பேருக்கும் அந்த வருஷம் பெரிய வித்தியாசம் தெரியாது. நோய்நொடி இல்லாத முப்பது வயதுப் பிள்ளை "எனக்கு வேண்டாம் டாக்டர்" என்றால் நான் வற்புறுத்துவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வீட்டில் எழுபது வயது அப்பா இருந்தால், ஆறு மாதம் நிரம்பாத குழந்தை இருந்தால், பேச்சு மாறும். அந்தக் குழந்தைக்கு ஊசி போடவே முடியாது. தாய் கர்ப்பத்தில் போட்டுக்கொண்டதும், சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்டதும்தான் அதற்குக் காவல்.

அறுபத்தைந்து தாண்டியவர்களில் அதே கணக்கு நூற்றுக்கு ஆறிலிருந்து 2.4 ஆகிறது. 71 பேர் என்பது 30 பேராகச் சுருங்குகிறது. முதியவர்களிடம் நடந்த பரிசோதனைகள் குறைவு, அதனால் இந்த எண்ணைக் கல்லில் பொறித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் திசை தெளிவு.

என்னை முழுதாக மாற்றியது இதயத்தைப் பற்றிய சான்றுதான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பார்த்திருக்கிறார்கள்: ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு. ஏழு நாள்! நெல் வியாபாரி வந்தது ஐந்தாம் நாள். காய்ச்சல் வந்தால் ரத்தம் சீக்கிரம் உறையும், இதயம் வேகமாக ஓடும், குழாயில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்புப் படிவு வெடிக்கும். அடுத்தது, மாரடைப்பு வந்து படுத்திருந்தவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு இந்த ஊசியும் இன்னொரு பாதிக்கு வெறும் உப்புநீரும் போட்ட பரிசோதனை. எட்டு நாடுகள், நம் பக்கத்து வங்கதேசம் உட்பட, ஏறத்தாழ 2,500 பேர். 2021-ல் முடிவு வந்தது. ஒரு வருஷத்துக்குள் உப்புநீர் போட்டவர்களில் நூற்றுக்கு 4.9 பேர் இறந்தார்கள், ஊசி போட்டவர்களில் 2.9 பேர். கொரோனா வந்ததால் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுமுன் நிறுத்தினார்கள், அந்தக் குறையும் உண்டு. ஆனாலும் ஐம்பது இதய நோயாளிக்குப் போட்டால் ஓர் உயிர் என்ற கணக்கு எந்த மருத்துவரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நாம் தினம் கொடுக்கும் மாத்திரைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது. தமிழ்நாட்டில் வயதுவந்த நூறு பேரில் பதினான்கு பேருக்குச் சர்க்கரை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. இந்த மண்டபத்தில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்ததை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்: எப்போது போடுவது?

லண்டனிலும் நியூயார்க்கிலும் ஃப்ளூ பனிக்காலத்து நோய். நமக்கு மழைக்காலத்து நோய். நம் நாட்டுக்குள்ளேயே ஒரே பருவம் கிடையாது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லி, புனே, கொல்கத்தாவில் தென்மேற்குப் பருவமழையோடு. சென்னையிலும் வேலூரிலும் தொடர்ந்து பார்த்ததில் உச்சம் அக்டோபர், நவம்பர். நம் பாஷையில் சொன்னால் ஐப்பசி அடைமழை. ஊசி போட்டு உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும். போட்ட பலம் மாதம் ஆக ஆகத் தேயும். ஏப்ரலில் டெல்லிக்காரரோடு சேர்ந்து போட்டுக்கொண்டால், நம் மழை வரும்போது பலத்தில் பாதி போயிருக்கலாம். தீபாவளி முடிந்து, பக்கத்து வீட்டில் நாலு பேர் இரும ஆரம்பித்த பிறகு போட்டால் தாமதம். நமக்குச் சரியான காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும்தான். இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல், தப்பான மாதத்தில் போட்டுக்கொண்டு "பிரயோஜனமில்லை" என்று விட்டவர்கள் நம்மில் அதிகம்.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். அரை மில்லி மருந்து ஏற்கெனவே நிரப்பிய சின்ன சிரிஞ்சாக வரும். அட்டைப்பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது என்று அச்சிட்டிருக்கும், போன வருஷத்துச் சரக்கு வேண்டாம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. பாலிதீன் பையில் போட்டு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வெயிலில் கொண்டுவராதீர்கள். ஐஸ்கட்டியோடு ஒட்டி உறையவிடவும் கூடாது, உறைந்தால் கெட்டது. மூன்று ரக வைரஸுக்கான ஊசியா, நான்கு ரகத்துக்கானதா என்று கேட்பார்கள். ஃப்ளூ வைரஸில் ஏ, பி என்று வகை உண்டு. நான்காவது ரகமாகச் சேர்த்திருந்தது பி வகையில் யமகட்டா என்ற ஒரு கிளை. அது 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தட்டுப்படவில்லை, அதனால் மூன்று ரகமே போதும்.

பயத்தைப் பற்றிச் சுருக்கமாக. இதில் இருப்பது செத்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. கை ஒருநாள் இரண்டுநாள் வலிக்கும், சிலருக்கு லேசான காய்ச்சல். கை கால் வலுவிழக்கும் கில்லன் பாரே என்ற நோய் உண்டு. 1976-ல் அமெரிக்காவில் அவசரமாக நாலு கோடிப் பேருக்கு மேல் போட்டபோது லட்சத்தில் ஒருவருக்கு அது கூடுதலாக வந்து, திட்டத்தையே நிறுத்தினார்கள். இப்போதைய ஊசிகளில் பத்து லட்சத்துக்கு ஒன்று இரண்டு என்கிறார்கள். ஃப்ளூ காய்ச்சலே அதை உண்டாக்கக்கூடியது. முன்பு இந்த ஊசியால் கடும் ஒவ்வாமை வந்தவர்களும், கில்லன் பாரே வந்து தேறியவர்களும் மருத்துவரிடம் பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஒரு விஷயம் என்னை நெடுநாளாக வருத்துகிறது. இரண்டு நாள் சளிக்கு "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்காத ஆள் நம் ஊரில் இல்லை. அந்த ஊசிக்கு எந்தத் தேவையும் கிடையாது. தேவையான ஊசிக்கு யாரும் கை நீட்டுவதில்லை. தப்பு உங்களுடையது மட்டுமில்லை, கேட்டதைக் குத்தி அனுப்பிய எங்களுடையதும்தான். கூடவே ரூபாயும் பெரிய தடை. தினக்கூலி வாங்குகிற சர்க்கரை நோயாளிக்கு ஆயிரத்தைந்நூறும் இரண்டாயிரமும் மூன்று நாள் சம்பளம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை தேடி வரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, இதய நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஊசி இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். இந்தக் கூட்டத்திலிருந்தே ஒரு மனு போகட்டும், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

வாசலில் கேட்ட ஐயா நாலாவது வரிசையில் இருக்கிறார். ஐயா, உங்களுக்கு வயது எழுபத்தொன்று என்றீர்கள், பைபாஸ் நடந்தது என்றீர்கள். உங்களுக்கு அந்த இரண்டாயிரம் வீண் செலவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் புரட்டாசி பிறக்கிறது, அந்த வாரமே வாருங்கள், வீட்டில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. போட்ட பிறகும் காய்ச்சல் வந்தால், ஊசி போட்டாச்சே என்று இருந்துவிடாதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் வந்தால் ஃப்ளூ வைரஸை அடக்கும் ஓசெல்டமிவிர் மாத்திரை நன்றாக வேலை செய்யும்.

முன்வரிசையில் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள். கேளுங்கம்மா.